பர்ச்சேஸில் பொருளை வகை பிரிப்பது: பம்ப் கம்பெனிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவையில் பம்ப், மோட்டார் செய்யும் சிறிய, நடுத்தரக் கம்பெனிகளின் பர்ச்சேஸ் ஆட்களோடு பேசும்போதெல்லாம் எனக்கு வருவது இதே கேள்விகள்தான். வாங்கும் பொருளை மதிப்பு, ரிஸ்க் இரண்டையும் வைத்து நாலு கட்டமாகப் பிரிப்பது பற்றி ஏதாவது ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டிருப்பார்கள். கம்பெனிக்குத் திரும்பி, தங்கள் பொருள் பட்டியலை எடுத்து வைத்து உட்கார்ந்தால் சந்தேகம் ஆரம்பித்துவிடும். கேட்டவர்கள் கேட்ட பாணியிலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் பம்ப் தொழிலிலிருந்து; வேறு தொழிலில் இருப்பவர்கள் பொருளின் பெயரை மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

எதுக்குங்க வகை பிரிக்கணும்? வேணுங்கிறதை வேணுங்கிறப்ப வாங்கினா போதாதா?

ஒரு நடுத்தர பம்ப் கம்பெனி வாங்கும் பொருட்களை எண்ணினால் பல நூறு வரும். காஸ்டிங், ஸ்டாம்பிங், வைண்டிங் ஒயர், பேரிங், சீல், கெபாசிட்டர், கேபிள், பெயின்ட், அட்டைப்பெட்டி, கையுறை, வேஸ்ட் காட்டன் என்று போய்க்கொண்டே இருக்கும். பர்ச்சேஸில் உட்கார்ந்திருப்பதோ இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர். எல்லாப் பொருளுக்கும் ஒரே அளவு கவனம் கொடுக்க அவர்களால் முடியாது.

வகை பிரிக்காத இடத்தில் கவனம் யாருக்குப் போகிறது என்று பாருங்கள். யார் சத்தமாகக் கேட்கிறார்களோ அவர்களுக்குப் போகும். புரொடக்‌ஷன் சூப்பர்வைசர் போன் செய்த பொருளை விரட்டிப் பிடிப்பதிலேயே காலைப் பொழுது முடிந்துவிடும். வகை பிரிப்பது என்பது அந்த இரண்டு மூன்று பேரின் நேரத்தை எங்கே செலவழிப்பது என்று முன்கூட்டியே முடிவெடுப்பதுதான்.

அந்த நாலு கட்டம் என்னன்னு ஒருதடவை தெளிவா சொல்லிடுங்க.

பீட்டர் கிராலிச் என்ற மேலாண்மை ஆலோசகர் 1983-இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது இது. ஒவ்வொரு பொருளைப் பற்றியும் இரண்டே கேள்வி. ஒன்று, நம் லாபத்தை இது எவ்வளவு பாதிக்கும்? இன்னொன்று, இது கிடைக்காமல் போகும் ஆபத்து எவ்வளவு? முதலாவதை மதிப்பு அச்சு என்றும் இரண்டாவதை ரிஸ்க் அச்சு என்றும் சொல்வோம்.

இரண்டும் குறைவாக இருந்தால் ரொட்டீன்: போல்ட், நட்டு, கையுறை. மதிப்பு அதிகம், ஆனால் கொடுக்க நிறையப் பேர் இருக்கிறார்கள் என்றால் லெவரேஜ்: சாதாரண வார்ப்பிரும்பு காஸ்டிங், அட்டைப்பெட்டி. மதிப்பு குறைவு, ஆனால் கிடைப்பது கஷ்டம் என்றால் பாட்டில்நெக்: ஒரே ஒருவர் மட்டும் செய்துதரும் ஒரு ரப்பர் பாகம். இரண்டுமே அதிகம் என்றால் ஸ்ட்ராட்டஜிக்: குறிப்பிட்ட தரத்தில் மட்டுமே ஓடும் மின் எஃகு ஸ்டாம்பிங் (மோட்டாருக்குள் அடுக்கும் தகடுகள்). இதே பொருட்கள் உங்கள் கம்பெனியில் வேறு கட்டத்தில் விழலாம். அடுத்தவர் போட்ட கட்டத்தை நகல் எடுப்பதில் பயனில்லை.

ஏபிசி அனாலிசிஸ் ஏற்கெனவே போட்டு வெச்சிருக்கோம். ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. ஏபிசி பணத்தை மட்டும் பார்க்கிறது. அதிகம் செலவாகும் பொருள் ஏ, கொஞ்சமாகச் செலவாகும் பொருள் சி. பிரச்சினை என்னவென்றால், உற்பத்தி லைனை நிறுத்தும் பொருட்களில் பாதி அந்த சி பட்டியலில்தான் ஒளிந்திருக்கும். அங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

2011 மார்ச்சில் ஜப்பானில் நிலநடுக்கமும் சுனாமியும் வந்தபோது, ஓனஹாமா என்ற ஊரில் இருந்த ஒரு தொழிற்சாலை நின்றது. ஜெர்மனியின் மெர்க் கம்பெனிக்குச் சொந்தமான அந்த ஆலையில், கார் பெயின்ட்டுக்கு மினுமினுப்புத் தரும் ஸிராலிக் என்ற நிறமித்தூள் தயாரானது. உலகத்தில் வேறெங்கும் அப்போது அது தயாராகவில்லை. ஒரு காரின் விலையில் அந்தத் தூளின் பங்கு கண்ணுக்கே தெரியாது. ஆனாலும் சில கறுப்பு, சிவப்பு நிறங்களுக்கு ஆர்டர் எடுக்க வேண்டாம் என்று ஃபோர்டு தன் டீலர்களிடம் சொல்ல வேண்டி வந்தது. ஏபிசி பட்டியலில் அந்தத் தூள் எந்த வருடமும் மேலே வந்திருக்காது.

ஆஸ்பத்திரிகளில் இந்த ஓட்டையை அடைக்க, ஏபிசியோடு சேர்த்து வி.இ.டி. என்று இன்னொரு வரிசையும் போடுவார்கள். இல்லாமல் உயிர் போகும் மருந்து, அவசியமான மருந்து, இருந்தால் நல்லது என்கிற மருந்து. அதுவும் நல்ல முறைதான். ஆனால் ‘இல்லாவிட்டால் என்ன ஆகும்’ என்பதை அது பார்க்கிறது. ‘இல்லாமல் போக வாய்ப்பு எவ்வளவு’ என்பதைப் பார்ப்பதில்லை. ரிஸ்க் அச்சுக்கு அந்த இரண்டாவது கேள்வி வேண்டும். போட்டு வைத்த ஏபிசியைத் தூக்கிப் போட வேண்டாம், மதிப்பு அச்சுக்கு அதுவே பாதி வேலை.

மதிப்புன்னா வருஷத்துக்கு எவ்வளவு ரூபாய்க்கு வாங்குறோம்ங்கிறதுதானா?

அங்கிருந்து ஆரம்பியுங்கள். டாலியிலோ வேறு மென்பொருளிலோ பன்னிரண்டு மாத பர்ச்சேஸ் ரிஜிஸ்டரை எடுங்கள். வண்டி வாடகை, இறக்குமதி வரி எல்லாம் சேர்த்து, நம் கேட்டுக்குள் வரும்போது ஆகும் விலையை எடுங்கள். திரும்ப எடுத்துக்கொள்ளும் ஜிஎஸ்டியைக் கழித்துவிடுங்கள். பொருள் கோடு ஒவ்வொன்றாகப் போடாமல் குடும்பமாகச் சேர்ப்பது முக்கியம். நாற்பது அளவு ஓ-ரிங் நாற்பது வரியாக நின்றால் ஒன்றும் புரியாது.

அப்புறம் இன்னொரு பார்வையும் வேண்டும். கெபாசிட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கிள் ஃபேஸ் பம்பில் அதன் விலை சின்னது. மட்டமான கெபாசிட்டர் போய்விட்டால் மோட்டார் திணறும், ஓவர்லோடு பாதுகாப்பு சரியில்லாத இடத்தில் வைண்டிங் கருகும், பம்ப் வாரண்டியில் திரும்பி வரும். வாடிக்கையாளர் திட்டுவது கெபாசிட்டர்காரரை அல்ல, பம்பின் பெயரை. இப்படிப்பட்ட பொருளை ரூபாய்க் கணக்கு சொல்லும் இடத்திலிருந்து ஒரு படி மேலே ஏற்றுவதுதான் நியாயம். சர்வீஸ் டிபார்ட்மெண்டின் வாரண்டி லிஸ்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தால் எதை ஏற்றுவது என்று தெரியும்.

ரிஸ்க்கை எப்படி அளக்கறது? அது மனசுல படறதுதானே?

மனசில் படுவதை விட்டால், போன மாதம் யார் லேட்டாகக் கொடுத்தாரோ அவருடைய பொருள் எல்லாம் ரிஸ்க் ஆகிவிடும். அதனால் கேள்விகளாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மார்க் போடுங்கள். இன்றைக்கு ஒப்புதல் பெற்ற சப்ளையர் எத்தனை பேர்? ஆர்டர் போட்டு எத்தனை நாளில் வருகிறது, அந்த நாள் கணக்கு நிலையாக இருக்கிறதா? இறக்குமதியா? பொருளை வார்க்கும் டை, பேட்டர்ன் போன்ற அச்சுகள் யாருடைய சொத்து? புதிய ஆளிடம் மாற வேண்டுமானால் மாதிரி வாங்கி, சோதித்து, ஒப்புதல் கொடுக்க எவ்வளவு காலம் ஆகும்?

இதில் இரண்டு இடத்தில் பலரும் வழுக்குகிறார்கள். முதலாவது, சந்தையில் பத்துப் பேர் செய்கிறார்கள் என்பதைப் பத்து சப்ளையர் என்று எழுதிவிடுவது. நம் குவாலிட்டி டிபார்ட்மெண்ட் இன்னும் ஓகே சொல்லாத ஒன்பது பேர் நாளைக் காலைக்கு உதவ மாட்டார்கள். இரண்டாவது, ஒரே தொழிற்சாலைச் சரக்கை விற்கும் மூன்று டீலரை மூன்று சோர்ஸ் என்று எண்ணுவது. அந்தத் தொழிற்சாலை நின்றால் மூன்று பேரும் ஒரே நாளில் கையை விரிப்பார்கள். பில்லில் இருக்கும் பெயரைப் பார்க்காதீர்கள், பொருள் எந்த ஆலையில் செய்யப்பட்டது என்று கேளுங்கள். முடிந்தால் அந்த ஆலைக்கு மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது என்பதையும் கேளுங்கள். இரண்டு சீல் தயாரிப்பாளர்களிடம் மாற்றி மாற்றி வாங்கி நிம்மதியாக இருப்போம். இருவருக்கும் கார்பன் வளையம் ஒரே இடத்திலிருந்து வந்துகொண்டிருக்கும்.

பேரிங் எல்லா ஊர்லயும் கிடைக்குது. அது லெவரேஜ்தானே?

எந்த பேரிங் என்பதைப் பொறுத்தது. 6203 என்று கேட்டால் உள்விட்டம் 17 மி.மீ., வெளிவிட்டம் 40, அகலம் 12. எந்த நாட்டில் எந்தக் கம்பெனி செய்தாலும் இதுதான் அளவு. ஒருவர் தராவிட்டால் இன்னொருவர். இப்படித் தரப்படுத்தப்பட்ட பொருளில் நம் கை ஓங்கியிருக்கும். அதில் இருக்கும் உண்மையான ஆபத்து போலிச் சரக்கு. பெட்டியும் முத்திரையும் அச்சு அசலாக இருக்கும். கொஞ்சம் விலை குறைவு என்று முகம் தெரியாத கடையில் வாங்காமல், அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் மட்டும் வாங்குவது என்ற ஒரே விதி போதும்.

தண்ணீர் நிரப்பிய சப்மெர்சிபிள் மோட்டாரின் அடியில் இருக்கும் திரஸ்ட் பேரிங் வேறு கதை. பம்பின் முழு அச்சுச் சுமையும் அதன் மேல்தான். கார்பன் தட்டும் அதன் மேல் ஓடும் எஃகுத் துண்டுகளும் அந்தந்த மோட்டாருக்கு ஏற்றபடி செய்யப்படுபவை, தண்ணீரே அதற்கு எண்ணெய். கடைக்குப் போய் எண் சொல்லி வாங்க முடியாது. பட்டியலில் ‘பேரிங்’ என்ற ஒரே குடும்பத்தில் இந்த இரண்டையும் போட்டால், ஆபத்து சராசரியில் மறைந்துவிடும். மதிப்புக் கேள்வியில் குடும்பமாகச் சேர்க்கச் சொன்னேன்; ரிஸ்க் வேறுபடும் இடத்தில் அந்தக் குடும்பத்தை உடைக்க வேண்டும்.

காப்பர் ஒயர் லெவரேஜா, ஸ்ட்ராட்டஜிக்கா? எங்க ஆபீஸ்ல இதுக்கே ரெண்டு கட்சி இருக்கு.

இரண்டு கட்சியும் வேறு வேறு ரிஸ்க்கைப் பற்றிப் பேசுகின்றன. விலை ஏறி இறங்கும் ஆபத்து ஒன்று. சரக்கே கிடைக்காத ஆபத்து இன்னொன்று. நாலு கட்டத்தில் ரிஸ்க் அச்சு இரண்டாவதைப் பற்றியது. செம்பின் விலை 2020 மார்ச்சில் டன்னுக்கு 5,000 டாலருக்குக் கீழே இறங்கியது, 2021 மே மாதம் 10,000 டாலரைத் தாண்டியது. அந்த ஏற்றம் வயிற்றைக் கலக்கியது உண்மை. ஆனால் பணம் கொடுத்தவர்களுக்கு ஒயர் கிடைத்தது. எனாமல் ஒயர் செய்பவர்கள் பலர் இருக்கும்வரை அது லெவரேஜ் பொருள்தான் என்பது என் முடிவு.

பேரம் எதில் பேசுவது என்பதுதான் இங்கே புரிய வேண்டியது. செம்பின் விலை லண்டன் மெட்டல் எக்ஸ்சேஞ்சில் முடிவாகிறது. அதைக் குறைக்க எந்த சப்ளையராலும் முடியாது. செம்பை ஒயராக இழுத்து எனாமல் பூசித் தருவதற்கான கூலி, கடன் நாட்கள், ஸ்பூல் வாடகை இவற்றில்தான் பேச இடம். செம்புக்கு மாத சராசரி, அதன் மேல் நிலையான கூலி என்று சூத்திரமாக எழுதிக்கொண்டால் ஒவ்வொரு ஆர்டருக்கும் கொட்டேஷன் கேட்டு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. விற்பனை விலைப்பட்டியலை எத்தனை நாளைக்கு மாற்றாமல் வைத்திருக்கிறீர்கள் என்பதையும் அதே மூச்சில் பாருங்கள். வாங்கும் விலை மாதம் மாறி, விற்கும் விலை வருடத்துக்கு ஒருமுறை மாறினால் இந்த நாலு கட்டமும் காப்பாற்றாது.

ஒரே சப்ளையர்னாலே ஆபத்துன்னு எடுத்துக்கலாமா?

உலகத்திலேயே அவர் ஒருவர்தான் செய்கிறார் என்பது வேறு. பலர் இருந்தும் நாமே யோசித்து ஒருவரிடம் மட்டும் வாங்குவது வேறு. இரண்டாவதில் லாபம் உண்டு: தரம் ஒரே சீராக இருக்கும், அவரும் நமக்காக டை போட முன்வருவார்.

1997 பிப்ரவரி 1 அன்று ஜப்பானின் கரியா நகரில் ஐசின் செய்கி கம்பெனியின் ஆலை ஒன்று தீப்பற்றியது. டொயோட்டா கார்களின் பிரேக்கில் போகும் ஒரு சின்ன வால்வு கிட்டத்தட்ட முழுக்க அங்கிருந்துதான் போனது. கையிருப்பு மிகக் குறைவு. டொயோட்டாவின் ஜப்பான் ஆலைகள் அநேகமாக எல்லாம் சில நாள் நின்றன. பிறகு நடந்தது கவனிக்க வேண்டியது. வரைபடங்கள் உடனே பகிரப்பட்டன. அந்த வால்வையே செய்திராத பல கம்பெனிகள், தையல் மெஷினுக்குப் பெயர்போன பிரதர் உட்பட, தங்கள் மெஷின்களைத் திருப்பி அதைச் செய்து கொடுத்தன. ஏறக்குறைய ஒரு வாரத்தில் உற்பத்தி எழுந்து நின்றது.

ஆக, ஒரே சப்ளையர் என்றால் இரண்டு கேள்வி கேளுங்கள். வரைபடமும் பேட்டர்னும் நம் கையில் இருக்கிறதா? அவசரத்துக்கு வேறு யாரால் செய்ய முடியும் என்று பெயர் சொல்லத் தெரியுமா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் தைரியமாக இருக்கலாம்.

பாட்டில்நெக் பொருளுக்கு ஸ்டாக் ஏத்தி வெச்சா பிரச்சினை முடிஞ்சுதா?

ஸ்டாக் முதலுதவி. பொருள் விலை குறைவு என்பதால் மூன்று மாதச் சரக்கு வைத்தாலும் முதல் அதிகம் முடங்காது. செய்யுங்கள். ஆனால் மெக்கானிக்கல் சீலை வெயில் படும் ஸ்டோர் ரூமில் வருடக்கணக்கில் வைத்தால் அதன் ரப்பர் இறுகிவிடும். பழையது முதலில் வெளியே போகும்படி அடுக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

முடிவான மருந்து, அந்தப் பொருளை அந்தக் கட்டத்திலிருந்தே வெளியே கொண்டுவருவது. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இங்கேதான் உண்மையான ஆதாயம் இருக்கிறது. பாட்டில்நெக் பொருட்களில் பெரும்பகுதி சந்தையில் பிறப்பதில்லை, நம் டிராயிங் போர்டில் பிறக்கிறது. கடையில் எண் சொன்னால் கிடைக்கும் சீல் அளவுக்குப் பொருந்தாமல் ஷாஃப்டை அரை மி.மீ. கூட்டி வரைந்திருப்பார்கள். யாரோ, எப்போதோ, ஏதோ காரணத்துக்காக. அன்றிலிருந்து அந்த சீலை ஒருவர் மட்டும் தனியாகச் செய்து கொடுப்பார், அவர் சொன்னதுதான் விலை, அவர் தந்த அன்றுதான் டெலிவரி. ஒவ்வொரு பாட்டில்நெக் பொருளுக்கும் முதலில் கேட்க வேண்டியது: இந்த அளவு, இந்தத் தரம் நமக்கு நிஜமாகவே வேண்டுமா?

டிசைன்காரங்க மாத்த ஒத்துக்கவே மாட்டேங்கறாங்களே?

அவர்கள் தயங்குவதிலும் நியாயம் இருக்கிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள பம்பில் பொருளையோ அளவையோ மாற்றினால் செயல்திறன் மாறலாம், மறுபடி சோதனை தேவைப்படலாம். சப்மெர்சிபிள் பம்ப்செட்டுக்கு ஐ.எஸ். 8034, மோனோபிளாக்குக்கு ஐ.எஸ். 9079 என்று தரநிலைகள் இருக்கின்றன. அவற்றை மீறி யாரும் கை வைக்க முடியாது.

அதனால் ஓடிக்கொண்டிருக்கும் மாடலில் சண்டை போடாமல், புது மாடல் வரையும் நாளில் பர்ச்சேஸ் ஆள் பக்கத்தில் உட்காருவதுதான் வழி. ‘இந்த அளவில் சீல் கொடுக்க ஒருவர்தான், அந்த அளவில் ஐந்து பேர்’ என்று வரையும்போதே சொன்னால் கேட்காத டிசைனரை நான் பார்த்ததில்லை.

லெவரேஜ் பொருள்ல விலையை எவ்வளவு தூரம் நெருக்கலாம்?

காஸ்டிங்கை வைத்துச் சொல்கிறேன். கோவையில் ஃபவுண்டரிகளுக்குப் பஞ்சமில்லை, நாலு பேரிடம் கொட்டேஷன் வாங்கலாம். ஆனால் பிக் அயர்ன், ஸ்கிராப், கோக், கரன்ட் இவை ஏறும்போது பழைய விலையிலேயே பிடித்து வைத்தால், ஃபவுண்டரிக்காரர் முதலில் நல்ல ஸ்கிராப்பைக் குறைப்பார். நம் மெஷின் ஷாப்பில் ஊதுதுளையும் கடினப்புள்ளியும் அதிகமாகி டூல் உடையும். அடுத்து, நன்றாகக் கொடுக்கும் வாடிக்கையாளர் வேலையை முன்னால் ஊற்றி நம் வேலையைத் தள்ளிப்போடுவார். கடைசியில் நாலு பேரில் இரண்டு பேர் கடையைச் சாத்துவார்கள், நல்ல லெவரேஜ் பொருளை நாமே பாட்டில்நெக்காக மாற்றியிருப்போம்.

காப்பர் ஒயர் பதிலில் சொன்ன சூத்திர முறை இங்கேயும் வேலை செய்யும். மூலப்பொருள் விலை தானாக ஏறி இறங்கட்டும், கூலியிலும் ரிஜெக்‌ஷனிலும் பேரம் பேசுங்கள்.

நாங்க சின்னக் கம்பெனி. பெரிய சப்ளையர் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. இது எங்களுக்கு ஒத்து வருமா?

வரும். கூடவே தலைகீழாக இன்னொரு கட்டம் போட வேண்டும்: அந்த சப்ளையரின் பார்வையில் நாம் யார்? அவருடைய விற்பனையில் நம் பங்கு எவ்வளவு, நம்மோடு வியாபாரம் செய்வது அவருக்கு எவ்வளவு சுகம்? நமக்கு ஸ்ட்ராட்டஜிக்காக இருக்கும் மின் எஃகு, அதைச் செய்யும் ஆலைக்கு நம் மூலம் வருவது துளி. ஆலையோடு ‘பார்ட்னர்ஷிப்’ பேசிப் பலனில்லை. நடுவில் இருக்கும் ஸ்டாம்பிங் செய்பவர்தான் நமக்கு உறவு வைத்துக்கொள்ள வேண்டிய ஆள்.

பங்கு சிறியதாக இருந்தாலும் சுகமான வாடிக்கையாளராக இருப்பது நம் கையில்தான் இருக்கிறது. மாதத் தேவையை முன்கூட்டிச் சொல்வது, பி.ஓ.வை (பர்ச்சேஸ் ஆர்டரை) மூன்று முறை மாற்றாமல் இருப்பது, சொன்ன தேதியில் பணம் போடுவது. கடைசியாகச் சொன்னது சட்டமும்கூட. 2006-ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி, பதிவுபெற்ற குறு, சிறு தொழில்களுக்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்கக் கூடாது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். 2023-24 நிதியாண்டிலிருந்து, அப்படி இழுத்த தொகையை, கொடுத்து முடிக்கும் ஆண்டில்தான் வருமான வரியில் செலவாகக் காட்ட முடியும். சரக்கு தட்டுப்பாடு வரும் மாதத்தில் சப்ளையர் யாருக்கு முதலில் வண்டி ஏற்றுவார் என்பதை இந்தப் பழக்கங்கள்தான் தீர்மானிக்கின்றன.

ரொட்டீன் பொருளைப் பத்தி யாருமே பேச மாட்டேங்கறாங்க?

பேச அதிகம் இல்லை. வருடத்துக்கு ஒரு ரேட் காண்ட்ராக்ட், ஒரே கடையில் மொத்தமாக, இரண்டு தொட்டி வைத்து ஒன்று காலியானதும் அவரே வந்து நிரப்பட்டும். நட்டு வாங்க மூன்று கொட்டேஷன் கேட்கும் நேரம், நட்டில் மிச்சமாகும் பணத்தைவிட விலை உயர்ந்தது.

ஒரு பொருள் ரெண்டு கட்டத்துக்கு நடுவுல வந்து நிக்குது. கோட்டை எங்கே போடறது?

கோடு ஒரு வசதிக்காகத்தான். 2.9 மார்க் எடுத்தது ரொட்டீன், 3.1 எடுத்தது பாட்டில்நெக் என்று அடித்துக்கொள்ள வேண்டாம். நடுவில் நிற்கும் பொருளை எடுத்து, புரொடக்‌ஷன், குவாலிட்டி, சர்வீஸ் ஆட்களையும் உட்காரவைத்து, ‘இது பத்து நாள் வராவிட்டால் என்ன செய்வோம்?’ என்று கேளுங்கள். பதில் உடனே வந்தால் கீழே போடுங்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால் மேலே போடுங்கள்.

எத்தனை நாளைக்கு ஒருதடவை திரும்பப் போடணும்?

முழுதாக வருடத்துக்கு ஒருமுறை போதும். ஆனால் சில செய்திகள் வந்தால் அன்றே சம்பந்தப்பட்ட வரியைத் திறந்து பார்க்க வேண்டும். சப்ளையர் கம்பெனி கைமாறுகிறது, குடும்பத்தில் பாகப்பிரிவினை என்பது ஒன்று. ஒரு பொருளுக்கு அரசு தரக்கட்டுப்பாட்டு ஆணை போட்டு, பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) உரிமம் இல்லாத வெளிநாட்டு ஆலைச் சரக்கு உள்ளே வர முடியாமல் போவது இன்னொன்று.

2025 ஏப்ரலில் சீனா ஏழு அரிய மண் தனிமங்களுக்கும் அவற்றைக் கொண்டு செய்யும் காந்தங்களுக்கும் ஏற்றுமதி உரிமம் கட்டாயம் என்றது. மின்வாகன மோட்டார் செய்பவர்களுக்கு, அதுவரை வழக்கமான இறக்குமதிச் சரக்காக இருந்த காந்தம் சில வாரங்களில் முழுத் தலைவலி ஆனது. பொருளும் மாறவில்லை, சப்ளையரும் மாறவில்லை, கட்டம் மட்டும் மாறியது. ஃபெரைட் காந்தம் போடும் மோட்டார் டிசைன் கைவசம் இருந்தவர்களுக்குப் போக ஒரு வழியாவது இருந்தது.

எல்லாம் போட்டு எக்செல்ல வெச்சாச்சு. ஆறு மாசம் ஆச்சு, ஒண்ணுமே மாறலையே?

பர்ச்சேஸ் ஆளை நிர்வாகம் எதை வைத்து எடைபோடுகிறது என்று பாருங்கள். வருட முடிவில் ‘எவ்வளவு விலை குறைத்தாய்?’ என்ற ஒரே கேள்விதான் என்றால், அவர் லெவரேஜ் கட்டத்தை விட்டு நகர மாட்டார். அங்கேதான் காட்டுவதற்கு எண் கிடைக்கும். பாட்டில்நெக் பொருளுக்கு இரண்டாவது சோர்ஸ் கொண்டுவந்தவருக்கு ஒரு பாராட்டும் இல்லையென்றால் யார் மெனக்கெடுவார்கள்? எம்.டி.யிடம் இதை நேராகப் பேசுங்கள். கட்டத்துக்கு ஒரு அளவுகோல் கேளுங்கள்: லெவரேஜில் விலை, பாட்டில்நெக்கில் இரண்டாவது சோர்ஸ் அல்லது டிராயிங் மாற்றம், ஸ்ட்ராட்டஜிக்கில் டெலிவரியும் தரமும், ரொட்டீனில் பி.ஓ. எண்ணிக்கை குறைவது.

எக்செலில் கட்டத்தின் பெயருக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று நெடுவரிசை சேர்த்துவிடுங்கள்: என்ன செய்யப்போகிறோம், யார், எந்தத் தேதிக்குள். எல்லாப் பொருளுக்கும் வேண்டாம். பாட்டில்நெக் கட்டத்தில் இருப்பவற்றில் வாரண்டியிலும் அடிபடுகிற பொருள் ஒன்றை எடுங்கள், அதற்கு மட்டும் நிரப்புங்கள். பெரும்பாலான பம்ப் கம்பெனிகளில் அது ஒரு சீலாகவோ கெபாசிட்டராகவோ இருக்கும். இரண்டாவது ஆளிடம் மாதிரி கேட்டு இந்த வாரமே ஒரு மெயில் போய்விட வேண்டும்.